எட்டு மணி வகுப்பு

எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், உடம்பில் எங்கே மச்சம் என்பது வரைக்கும் அதில் இருக்கும். கல்லூரியில் சேரத் தகுதி உண்டு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அதில் விழுந்திருந்தால் நீங்கள் 'எலிஜிபிள்'. விழாவிட்டால் கல்லூரிப் பக்கமே போக முடியாது. என் புத்தகத்தில் அந்த வரி விழுந்திருந்தது. பள்ளிக்கூடத்து வாசலிலேயே மூன்று தடவை படித்துவிட்டு, ராயபுரத்திலிருந்து காசிமேட்டில் எங்கள் குப்பம் வரைக்கும் உச்சி வெயிலில் ஓடியே வந்தேன்.

அம்மா அப்போதுதான் வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நான் எலிஜிபிள்!"

"அப்டீன்னா இன்னாடி? பாசா, பெயிலா?"

"பாசுக்கும் மேல."

"பாசுக்கும் மேல இன்னா கீது?"

"காலேஜு கீது."

அம்மா கூடையைக் கவிழ்த்து வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய ஆண்களே இரண்டு பேர்தான். ஒருவர் துறைமுகத்தில் குமாஸ்தா, இன்னொருவர் ஊரை விட்டே போய்விட்டார். பெண் என்று பார்த்தால் நான்தான். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "போ, நைனாகிட்ட சொல்லு" என்றாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கரையில் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போய் வந்ததும் இது செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் குடித்த மரம் கனக்கும், காய்ந்தால்தான் மறுபடி லேசாகும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "காலேஜுல இன்னா சொல்லித் தருவாங்க?" என்றார். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்றேன். "கெமிஸ்ட்ரின்னா?" என்றார். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "சரி, போய் கத்துகினு வந்து சொல்லு" என்று அடுத்த கட்டையைப் புரட்டினார். அனுமதி அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். கல்லூரிகளில் சாதிவாரியாக இடம் ஒதுக்குவது செல்லுமா செல்லாதா என்று கோர்ட்டில் வழக்கு நடந்த சமயம். குப்பத்தில் எங்களுக்கு அந்தச் செய்தியே எட்டவில்லை. சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் வரிசையில் நின்றபோதுதான் கேள்விப்பட்டேன். அங்கிருந்த குமாஸ்தா முத்திரை குத்திக்கொண்டே, "இந்த வருஷம் இது உதவுமோ உதவாதோ, எதுக்கும் பத்திரமா வெச்சுக்கோ" என்றார். அந்தக் காகிதத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வீடு வரைக்கும் பிடித்த கையை எடுக்காமல் வந்தேன்.

நகரத்தின் தென்பக்கத்தில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரிக்கு இன்டர்மீடியட் வகுப்புக்கு விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நேர்முகத்தன்று அம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை. சீயக்காய் போட்டு இரண்டு தடவை குளித்தாள். என்னையும் அப்படியே குளிக்க வைத்தாள். வண்ணாரப்பேட்டையில் டிராம் ஏறி, பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிப் போனோம். வழியெல்லாம் அம்மா தன் கையைத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டாள். "போச்சா பாரு" என்று என்னிடமும் நீட்டினாள். போகவில்லை. ஆனாலும் போய்விட்டது என்றேன்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார்தான் பிரின்சிபால். நரைத்த தலை, வெள்ளைப் புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. எதற்காக விஞ்ஞானம் படிக்க விரும்புகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று ஒரு வாரமாக நான் ஆங்கிலத்தில் பதில் உருப்போட்டிருந்தேன். 'பிகாஸ்' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஒரு சொல்கூட வரவில்லை.

"தமிழ்ல சொல்லட்டுங்களா?"

"சொல்லேன்."

"எங்க நைனா கட்டுமரத்துல போறாருங்க. காஞ்ச மரம் நல்லா மெதக்குது. நாலு மணி நேரம் தண்ணில கெடந்தா அதே மரம் அமுந்தி அமுந்தி போவுது. எவ்ளோ தண்ணி குடிச்சா எவ்ளோ அமுங்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட முடியுமான்னு தெரிஞ்சிக்கணும்."

ஓரத்தில் இருந்த இளம் லெக்சரர், என் 'போவுது'வுக்கோ என்னவோ, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிரின்சிபால் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ போட்டுப் பார்த்தாயா?"

"பாத்தேங்க. ஒரு துண்டு மரத்தை அம்மாவோட மீன் தராசுல நிறுத்து, தண்ணில ஊறப்போட்டு, மணிக்கு ஒருக்கா எடுத்து நிறுத்தேன். மொத ரெண்டு மணி நேரம் ஜல்தியா ஏறுச்சு. அப்புறம் மெதுவா ஏறுச்சு. ஏன்னு தெரியல."

"அம்மா திட்டவில்லையா?"

"வியாபாரத்துக்குத் தராசு வேணும்னு பாதியில புடுங்கிகினு போய்ட்டாங்க."

இப்போது மூன்று பேருமே சிரித்தார்கள். என்னையும் அறியாமல் நானும் சிரித்துவிட்டேன். வெளியே வந்ததும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா கேட்டாங்க?" என்றாள்.

"கட்டுமரத்தப் பத்தி."

"அது எதுக்கு அவங்களுக்கு? வாங்கப் போறாங்களா?"

பத்து நாள் கழித்து இடம் கிடைத்துவிட்டது என்று கார்டு வந்தது. தபால்காரர் அதை வழியிலேயே படித்துவிட்டார் போல. மணலில் கால் வைக்கும்போதே, "காலேஜுப் பொண்ணு எங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கார்டு பத்துக் கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தபோது ஓரமெல்லாம் ஈரம்.

கல்லூரியின் முதல் நாள் கெமிஸ்ட்ரி வகுப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பள்ளியில் எல்லாப் பாடமும் தமிழில் படித்தவள் நான். இங்கே லெக்சரர் ஆங்கிலத்தில் மழையாகக் கொட்டினார். நான் காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். மணி அடித்தபோது நான்கு பக்கம் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் ஒரு வரிகூட என்னவென்று புரியவில்லை.

பக்கத்தில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண் உட்கார்ந்திருந்தாள். குப்பத்தில் அவர்களைச் சட்டக்காரர்கள் என்போம். கவுன், கழுத்தளவு வெட்டிய முடி, கொஞ்சம் பூனைக்கண். அவளிடம் தமிழில் பேசலாமா என்றே எனக்குத் தெரியவில்லை. அவளே என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, உனக்கும் புர்லியா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அசல் ராயபுரத்துப் பேச்சு! அவள் அப்பா ரயிலில் கொடி காட்டும் கார்டு. ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் வீடு. எங்கள் குப்பத்துக்கும் அவள் வீட்டுக்கும் கால் மணி நேர நடை.

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமே, அப்புறம் இன்னா?" என்றேன்.

"இங்கிலீஷு புரியுது. கெமிஸ்ட்ரிதான் புர்ல."

எனக்கு நேர்மாறு. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினால் பிடித்துக்கொள்வேன், பேச்சைத்தான் பிடிக்க முடியவில்லை. அன்று மாலையே இரண்டு பேரும் சேர்ந்து ரயில் ஏறினோம். நாங்கள் ஏறிய பெட்டியில் எங்கள் வகுப்பிலேயே படிக்கும் வியாசர்பாடிப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா மில் தொழிலாளி. ஹரிஜன மாணவர்களுக்கான உதவிச் சம்பளத்தில் படிக்க வந்தவள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் எதற்கும் பயப்படவும் மாட்டாள். மடியில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தாள். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் அதன் தமிழ் அர்த்தம். ஒரே நாளில் இரண்டு பக்கம் நிரப்பியிருந்தாள். "தெரியாத வார்த்தையா எழுதி வெக்கிறேன். எப்பனா யாரையானா கேட்டுக்கலாம்" என்றாள். பீச் ஸ்டேஷன் வருவதற்குள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் அதில் பாதிக்கு அர்த்தம் சொல்லிவிட்டாள். தமிழில் அவள் சொன்ன அர்த்தங்களைக் கேட்டுப் பெட்டியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் மூன்று பேரும் தோஸ்து ஆனது அப்படித்தான்.

முதல் மாதம் முடிவதற்குள் மயிலாப்பூரிலிருந்து வரும் ஒரு வக்கீல் வீட்டுப் பெண் எங்களிடம் வந்து, "நீங்கள்லாம் ஜி.ஓ.விலே வந்தவாளா?" என்று கேட்டாள். சாதிவாரி இடத்துக்கான அரசு உத்தரவை அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு முகம் சுட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் சட்டென்று, "நாங்க டிராம்ல வந்தோம். நீ எதுல வந்தே?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் ரயிலில் போகும்போது அந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வியாசர்பாடிப் பெண்தான் ஒரே வரியில் முடித்தாள். "வந்திருந்தா இன்னா? கதவு தொறந்துச்சு, வந்துட்டோம். இனிமே உள்ள நின்னு காட்டணும். அதான் வேலை."

உள்ளே நிற்பது அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் பருவத் தேர்வில் ஆங்கிலத்தில் நான் தோற்றேன். கெமிஸ்ட்ரியில் இரண்டு கேள்விகளுக்கு ஆங்கிலச் சொல் வராமல் தமிழிலேயே பதில் எழுதிவிட்டேன். லெக்சரர் ஓரத்தில் சிவப்பு மையில், 'விடை சரி, மொழி தவறு' என்று எழுதிப் பூஜ்யம் போட்டிருந்தார். வியாசர்பாடிப் பெண் பிசிக்ஸில் தோற்றாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் ஆங்கிலத்தில் தேறினாள், கணக்கிலும் கெமிஸ்ட்ரியிலும் கடைசி. இப்படியே போனால் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டோம் என்று எச்சரிக்கைக் கடிதம் மூன்று பேர் வீட்டுக்கும் வந்தது. என் வீட்டில் அதை என்னையே படித்துக் காட்டச் சொன்னார்கள். உள்ளதை உள்ளபடி படித்தேன். அம்மா கேட்டுவிட்டு, "அவங்க பேசுறது உனக்குப் புரியலைன்னா, புரியலைன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்றாள். மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவளுக்கு அதைவிட எளிதான காரியம் உலகத்தில் இல்லை.

மறுநாள் காலை பீச் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதை மற்ற இருவரிடமும் சொன்னேன். வியாசர்பாடிப் பெண் யோசித்தாள். "நம்ம மூணு பேருக்கு மட்டுமா புரியல? ஆஸ்டல்ல கீற வெளியூர்ப் பொண்ணுங்களும் முழிச்சிகினுதான் கீறாங்க. எல்லாரும் சேர்ந்து எழுதிக் குடுக்கலாம்" என்றாள். என்ன கேட்பது? தனி லெக்சரர் கேட்டால் கிடைக்காது. வகுப்பு தொடங்குவது ஒன்பதரைக்கு. எட்டு மணிக்கே ஒரு அறையையும் கரும்பலகையையும் எங்களுக்குத் திறந்து விட்டால் போதும், ஒருத்திக்குத் தெரிந்ததை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொள்வோம். சொல்லச் சொல்லவே எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இரண்டு ரயிலை விட்டுவிட்டோம்.

மனுவை ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் எழுதினாள். பேசும் வேகத்தில் எழுதுவாள் என்று நினைத்தோம். எழுத்துப் பிழையில் எங்கள் இருவரையும் மிஞ்சிவிட்டாள். நான் திருத்தினேன். என் திருத்தத்தை வியாசர்பாடிப் பெண் நோட்டைப் பார்த்துத் திருத்தினாள். கடைசியில் மூன்று கையெழுத்தும் கலந்து ஒரு பக்கம் வந்தது.

கையெழுத்து வாங்கப் போனபோதுதான் அதிசயம். பத்துப் பேர் போட்டால் பெரிது என்று நினைத்திருந்தோம். ஆஸ்டல் பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள். ஆற்காட்டிலிருந்து வந்த, ஆங்கிலத்தில் வாயே திறக்காத ஒரு பெண், "இப்பதான் எனக்கு மூச்சே வந்துது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், சாப்பாட்டு மணி அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு, வக்கீல் வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"நானும் போடலாமா?"

"உனக்கு எதுக்கு?" என்றேன்.

"ஆத்துலே எல்லாரும் இங்கிலீஷ் பேசறா. எனக்குப் புரியறதுன்னு நெனைச்சுண்டிருக்கா. பிசிக்ஸ்லே பாதி எனக்கும் புரியலை" என்றாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் கேலி ஏதும் செய்யவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். மொத்தம் இருபத்து மூன்று கையெழுத்து.

இரண்டு நாளில் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். மூன்று பேரும் மாடி ஏறிப் போய் நின்றோம். மனு அவர் முன்னால் கிடந்தது.

"இதை எழுதியது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாங்கள் மூவரும், மேடம்."

"இந்த ஒரு பக்கத்தில் ஏழு எழுத்துப் பிழை இருக்கிறது."

நானும் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டோம். வியாசர்பாடிப் பெண் மட்டும் நிமிர்ந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னாள். "அதனால்தான் மேடம், இதைக் கேட்கிறோம்."

பிரின்சிபால் மனுவை மடித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் பழைய பெஞ்சு போட்ட அறை. எட்டு மணிக்கு நீங்களே திறந்து, ஒன்பதரைக்குள் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் சாவி என்னிடமே திரும்பி வந்துவிடும்" என்றார். வராந்தாவுக்கு வந்ததும் நாங்கள் மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு குதித்தோம். ஆபீஸ் பியூன் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து நான் ஆறரைக்கே டிராம் ஏறினேன். அந்த அறையில் எப்போதும் சாம்பார் தாளிக்கும் வாசனை. நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், தமிழும் ஆங்கிலமும் கலந்து. ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் பாடப் புத்தகத்தை உரக்கப் படிக்க, நாங்கள் எல்லோரும் திரும்பச் சொல்வோம். பெரிய ஆங்கில வாக்கியத்தை உடைத்து, "இவன் இன்னா சொல்றான்னா..." என்று அவள் தொடங்கினாலே அறை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு பாடமும் உள்ளே போய்விடும். வியாசர்பாடிப் பெண்ணின் நோட்டைப் பார்த்து இருபது பேர் நகல் எடுத்தார்கள். நேர்முகத்தில் என் 'போவுது'வுக்குச் சிரிப்பை அடக்கிய இளம் லெக்சரர் வாரத்தில் இரண்டு நாள் தானாகவே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் தப்பாகச் சொன்னால் மட்டும் கையைத் தூக்குவார்.

ஒரு நாள் பிசிக்ஸ் வகுப்பில் மிதக்கும் பொருள்களைப் பற்றிய பாடம். லெக்சரர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போகிறார், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: நான் மனத்துக்குள் எதையும் மொழிபெயர்க்கவே இல்லை. நேராகப் புரிந்துகொண்டிருக்கிறேன்! பெஞ்சுக்கு அடியில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்ணின் காலை மிதித்தேன். "இன்னாமே?" என்றாள். "எல்லாம் புரியுது" என்றேன். "சத்தம் போடாத, எனக்கும் புரியுது" என்றாள். அன்று மாலை கரையில் ஈரக் கட்டைக்கு முன்னால் நைனாவை உட்கார வைத்து, அன்றைக்குப் படித்த அத்தனையையும் சொன்னேன். பாதியில் அவர் எழுந்து போய் இன்னும் இரண்டு கட்டுமரக்காரர்களைக் கூட்டிவந்து, "மொதல்லேந்து சொல்லு" என்றார்.

இரண்டாம் ஆண்டு முடிவில் பல்கலைக்கழகப் பரீட்சை. மூன்று பேரையுமே அனுப்பினார்கள். முடிவு வரும் நாளில் ஒரு பத்திரிகை ஆபீஸ் வாசலில் தாளை ஒட்டுவார்கள் என்று கேள்விப்பட்டு விடிந்ததும் போனோம். அம்மாவும் கூடவே வந்துவிட்டாள். எங்களுக்கு முன்னால் நூறு பேர் இருப்பார்கள். எல்லாம் ஆண்கள், பலகையை மறைத்து நின்றார்கள். எங்களால் நெருங்கவே முடியவில்லை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் எண் நன்றாகத் தெரியும். மூன்று பேர் நம்பரையும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். புடவையை இழுத்துச் செருகினாள். "வழி வுடுப்பா, வழி வுடு" என்று மார்க்கெட்டில் புகுகிற மாதிரி கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். அவள் கொண்டை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் என் முழங்கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. முதலில் வியாசர்பாடிப் பெண்ணின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகக் கத்தினாள். "கீது! மேலயே கீது!" முதல் வகுப்பில். பிறகு என் எண். "இதுவும் கீது!" பிறகு சத்தமே இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "நான் அவ்ளோதான்" என்றாள். நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அம்மா நிதானமாக ஒவ்வொரு வரியாகத் தேடியிருக்கிறாள். கடைசி வகுப்பில், தாளின் அடியில், ஒருவர் தோளுக்குக் கீழே குனிந்து பார்த்திருக்கிறாள். அப்புறம் வந்ததே ஒரு கத்தல்!

"சட்டக்காரப் பொண்ணே, நீயும் கீறடி!"

கூட்டத்தைவிட்டு வெளியே வந்த என் அம்மாவை அவள் அழுதுகொண்டே நடுத்தெருவில் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அவள் அதற்குப் பிறகு டெலிபோன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். வியாசர்பாடிப் பெண் டாக்டருக்குப் படிக்க விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. நான் அதே கல்லூரியில் பி.எஸ்.ஸி.க்கு மனுப் போட்டுச் சேர்ந்தேன். ஜூன் மாதம் கல்லூரி திறந்த அன்று அறிவிப்புப் பலகையில் அந்த வருஷத்துக் கால அட்டவணை ஒட்டியிருந்தது. அதில் முதல் வரியாக எட்டு மணிக்கு ஒரு வகுப்பு அச்சாகியிருந்தது. எந்த மாணவியும் வரலாம் என்று போட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்கள் சிலர் அதை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களிடம் போய் அறை எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.